அட்டவணையிலிருந்து தேவைக்கு: கட்டடத் துப்புரவில் திறன்மிகு தொழில்நுட்பம்

அலுவலகம், மருத்துவமனை, விமான நிலையம், பேரங்காடி போன்ற பெரிய கட்டடங்களின் துப்புரவுப் பணி நெடுங்காலமாகக் கால அட்டவணையை நம்பியே நடைபெற்று வருகிறது. கழிவறையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தரையை நாள்தோறும் மாலையிலும், கண்ணாடிகளை வாரம் ஒருமுறையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. அவ்வாறே நடந்ததா என்பதற்குக் கதவின் பின்புறம் தொங்கும் தாளில் இடப்படும் கையொப்பமே சான்றாகிறது. மனிதர்களின் நடமாட்டமோ அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை. ஆதலால், நாள் முழுவதும் யாரும் நுழையாத கூட்ட அறை மீண்டும் துடைக்கப்படுவதும், நெரிசல் மிகுந்த கழிவறை அடுத்த முறை வரும்வரை அசுத்தமாகக் கிடப்பதும் ஒரே கட்டடத்தில் ஒரே வேளையில் நிகழ்கின்றன. முன்னதில் தண்ணீரும் ரசாயனமும் மின்சாரமும் உழைப்பும் வீணாகின்றன. பின்னதில் சுகாதாரம் கெடுகிறது. கடிகாரத்தைப் பார்த்துச் சுத்தம் செய்வதை விடுத்து, கட்டடத்தின் எந்தப் பகுதி எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதை அறிந்து சுத்தம் செய்யும் முறையே இன்று திறன்மிகு துப்புரவு எனப்படுகிறது.

இதன் பயனை விளங்கிக்கொள்ள, துப்புரவுத் தொழிலில் பெரிதும் எடுத்தாளப்படும் ஒரு கோட்பாட்டை முதலில் அறிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் வகுத்த இக்கோட்பாட்டின்படி, அழுக்கை அகற்றுவதில் ரசாயனம், தேய்ப்பு, வெப்பம், நேரம் ஆகிய நான்கும் பங்குபெறுகின்றன. இவற்றுள் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும்; குளிர்ந்த நீரைப் பயன்படுத்துபவர் கூடுதலாகத் தேய்க்க வேண்டும், தேய்க்க நேரமில்லாதவர் கடுமையான ரசாயனத்தை நாட வேண்டும். சின்னர் வட்டம் என்று பெயர்பெற்ற இந்தக் கணக்கு, அழுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. அழுக்கு உண்மையில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. திறன்மிகு தொழில்நுட்பம் முதன்மையாக விடை தருவது அந்தக் கேள்விக்குத்தான்.

இதற்கு அடிப்படையாக அமைவது உணரி எனப்படும் சென்சார். சுற்றுப்புறத்தில் ஏற்படும் மாற்றத்தை மின்குறிப்பாக மாற்றித் தரும் சிறு கருவி அது. கழிவறை வாயிலில் பொருத்தப்படும் அகச்சிவப்புக் கதிர் உணரி, உள்ளே சென்றவர்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடும். படம் எடுக்காது என்பதால் அந்தரங்கம் காக்கப்படுகிறது. அம்மோனியா வாயுவை அறியும் உணரி துர்நாற்றத்தையும், சோப்புக் குப்பியிலும் குப்பைத்தொட்டியிலும் உள்ள உணரிகள் எது தீர்ந்தது, எது நிரம்பியது என்பதையும் தெரிவிக்கும். மிகக் குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் தகவல் அனுப்பும் ரேடியோ அலை முறைகள் வந்துவிட்டதால், இத்தகைய கருவிகள் சிறு பேட்டரி ஒன்றிலேயே ஆண்டுக்கணக்கில் இயங்குகின்றன. குறிப்பிட்ட எண்ணிக்கையினர் பயன்படுத்தியதும் பணியாளரின் கைப்பேசிக்குத் தகவல் செல்கிறது. அவர் தேவைப்படும் பொருள்களோடு தேவைப்படும் இடத்துக்கே நேராகச் செல்கிறார்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் இதன் எளிய வடிவம் ஒன்றை 2010-களின் தொடக்கத்திலேயே கையாண்டது. அங்குள்ள கழிவறை வாயில்களில் வைக்கப்பட்ட தொடுதிரைகளில், மகிழ்ந்த முகம் முதல் வாடிய முகம் வரை உள்ள படங்களுள் ஒன்றைத் தொட்டுப் பயணிகள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம். மதிப்பீடு குறைவாக இருந்தால், தரை ஈரமாக இருக்கிறதா, தாள் தீர்ந்துவிட்டதா என்று திரை காரணத்தைக் கேட்கும். அந்த விடை உடனடியாக மேற்பார்வையாளரைச் சென்றடையும்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2014-இல் கட்டி முடிக்கப்பட்ட தி எட்ஜ் என்னும் அலுவலகக் கட்டடம் இம்முறையைக் கட்டடம் முழுமைக்கும் விரித்தது. சுமார் 28,000 உணரிகள் பொருத்தப்பட்ட அக்கட்டடம், கட்டடங்களின் சுற்றுச்சூழல் தகுதியை அளவிடும் பிரீம் மதிப்பீட்டில் 98.36 சதவீதம் பெற்றது. விளக்குகளோடு இணைந்த உணரிகள் எந்தப் பகுதியில் ஆள்கள் இருந்தனர் என்பதைப் பதிவுசெய்வதால், மிகுதியாகப் பயன்பட்ட இடங்களில் துப்புரவாளர்கள் கவனம் செலுத்தவும், பயன்படாத இடங்களை அன்றைக்கு விட்டுவிடவும் முடிகிறது. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அதே தகவல் துப்புரவுக்கும் உதவுவதே இவ்வமைப்பின் சிறப்பு.

தரையைக் கழுவும் தானியங்கி இயந்திரம் இத்துறையில் பலரும் அறிந்த கருவியாகும். 2002-இல் அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் வெளியிட்ட ரூம்பா, வீட்டுத் தரையைப் பெருக்கும் ரோபோவைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. பெரிய கட்டடங்களுக்கான இயந்திரங்கள் அதைவிடச் சிக்கலானவை. லேசர் ஒளியைச் சுற்றிலும் வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் லைடார் என்னும் கருவியின் துணையோடு, அவை செல்லும் வழியை வரைபடமாக்கிக்கொண்டே அந்த வரைபடத்தில் தம் இருப்பிடத்தையும் கணித்துக்கொள்கின்றன. கழுவும் இடத்துக்கு வேண்டிய அளவு நீரை மட்டும் விட்டு, தேய்த்து, உடனே உறிஞ்சிக்கொள்வதால் நீர்ச் செலவு குறைகிறது. சில வகைகள் உறிஞ்சிய நீரை வடிகட்டி மீண்டும் பயன்படுத்துகின்றன. எனினும், விமான நிலையத்தின் நீண்ட கூடத்தில் திறமையாக இயங்கும் ரோபோ, படிக்கட்டிலும் மேசைக்கு அடியிலும் கழிவறைப் பீங்கானிலும் பயன்படுவதில்லை. திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய, உடலை வருத்தும் வேலையை அது ஏற்றுக்கொள்கிறது. நுணுக்கமான வேலை மனிதரிடமே இருக்கிறது.

கணினியோடு தொடர்பில்லாத சில மாற்றங்களும் இதே அளவுக்குப் பயனுள்ளவை. நுண்ணிழைத் துணியின் இழைகள் மிக மெல்லியனவாகவும் பிளவுபட்டனவாகவும் இருப்பதால், தூசியைத் தள்ளாமல் பற்றிக்கொள்கின்றன. பழைய நூல் துடைப்பானை மருத்துவமனையில் பயன்படுத்தும்போது, ஓர் அறையின் கிருமி அடுத்த அறைக்குப் பரவாமல் இருக்க, இரண்டு மூன்று அறைகளுக்கு ஒருமுறை வாளி நீரை முழுவதுமாகக் கொட்டி மாற்ற வேண்டியிருந்தது. அறைக்கு ஒரு நுண்ணிழைத் துடைப்பான் என்ற முறையில் அந்தத் தேவையே எழுவதில்லை. ரசாயனத்தைக் கண்ணளவாக ஊற்றாமல் சரியான விகிதத்தில் கலந்து தரும் கருவி, வீண்செலவை மட்டுமன்றி, மிகுதியான சோப்பு தரையில் பிசுக்காகத் தங்கி மேலும் அழுக்கை ஈர்ப்பதையும் தடுக்கிறது. உப்பு கலந்த நீரில் மின்சாரத்தைச் செலுத்திக் கிருமிநாசினி நீரைக் கட்டடத்திலேயே தயாரிக்கும் முறையும் உண்டு. இதில் உருவாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம் நாளடைவில் வீரியம் இழந்துவிடும் என்பதால் அவ்வப்போது தயாரித்துக்கொள்ள வேண்டும்; ஆயினும் ரசாயனப் புட்டிகளும் அவற்றை ஏற்றி வரும் போக்குவரத்தும் குறைகின்றன.

தேவைக்கேற்பச் சுத்தம் செய்வதென்றால், சுத்தம் செய்தபின் உண்மையிலேயே சுத்தமாயிற்றா என்பதையும் அளந்தறிய வேண்டும். உயிரணுக்கள் அனைத்திலும் காணப்படும் ஏடிபி என்னும் மூலக்கூறு இதற்குத் துணைசெய்கிறது. மேசைப்பரப்பைத் துடைத்த பஞ்சுக்குச்சியை, மின்மினிப்பூச்சியை ஒளிரச் செய்யும் லூசிஃபெரேஸ் என்னும் நொதியோடு சேர்த்தால், எஞ்சியிருக்கும் உயிர்ப்பொருளின் அளவுக்கேற்ப ஒளி தோன்றும். கைக்கருவி அதைச் சில நொடிகளில் எண்ணாகக் காட்டிவிடும். எந்தக் கிருமி என்பதை இச்சோதனை சொல்லாது. துடைக்கும் பணி முறையாக நடந்ததா என்பதை மட்டும் சொல்லும்.

தொழில்நுட்பம் தானாகவே நன்மையாக மாறுவதில்லை என்பதற்கும் சிங்கப்பூரின் நடைமுறை சான்றாகிறது. அங்கு 2014-இல் துப்புரவு நிறுவனங்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் உரிமம் பெறுவது கட்டாயமாக்கப்பட்டது. திறனுக்கேற்பப் படிப்படியாக உயரும் சம்பள முறையைப் பின்பற்றுவது உரிமத்தின் நிபந்தனையாயிற்று. தொடக்கத்தில் மாதம் 1,000 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்த அடிப்படைச் சம்பளம் 2022 ஜூலையில் 1,312 வெள்ளியானது. உழைப்பின் விலை உயர்ந்தபோது நிறுவனங்கள் இயந்திரங்களை நாடின. இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவருக்குக் கூடுதல் சம்பளம் கிடைத்தது. இத்தனை ஆள்கள், இத்தனை முறை என்று கணக்கிடாமல், எட்டவேண்டிய தூய்மைத் தரத்தை மட்டும் வரையறுக்கும் ஒப்பந்தங்களையும் அரசு ஊக்குவித்து வருகிறது. ஆள்களின் எண்ணிக்கைக்குப் பணம் தரும் ஒப்பந்தத்தின்கீழ், பணியைக் குறைக்கும் கருவியை வாங்க எந்த நிறுவனமும் முன்வராது என்பதே இதன் காரணம். எனினும் இச்சம்பள முறை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அது பொருந்துவதில்லை.

இம்முறையின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. நுண்ணிழைத் துணியைத் துவைக்கும்போது பிளாஸ்டிக் நுண்துகள்கள் கழிவுநீரில் கலக்கின்றன. காலாவதியான உணரிகளும் பேட்டரிகளும் மின்னணுக் கழிவாகின்றன. கட்டடத்தை அளக்க வந்த உணரி பணியாளரின் ஒவ்வோர் அடியையும் அளக்கத் தொடங்கினால், உதவிக் கருவி கண்காணிப்புக் கருவியாகிவிடும். வீண்நடை குறைந்ததால் மிச்சமான நேரத்தை ஓய்வாகவும் பயிற்சியாகவும் தராமல், ஆள்களைக் குறைப்பதற்கே பயன்படுத்தும் நிர்வாகத்தில் எஞ்சியவர்களின் சுமை கூடும்.

ஆகவே, திறன்மிகு துப்புரவுக்கு மாற விரும்பும் நிர்வாகம் ரோபோவின் விலையை விசாரிப்பதற்கு முன்பு, தன் கட்டடத்தின் எந்த இடம் எப்போது எவ்வளவு பயன்படுகிறது என்பதைச் சில வாரங்கள் கணக்கெடுப்பதும், அன்றாடம் அங்கே உழைக்கும் துப்புரவாளர்களிடம் கேட்டறிவதும், அதற்கேற்ப ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவதும் முறையாகும். அழுக்கில்லாத இடத்தைச் சுத்தம் செய்யாமல் விடுவதைவிடச் சிக்கனமான துப்புரவு வேறில்லை. அந்தச் சிக்கனத்தில் தொழிலாளருக்கும் பங்கு கிடைக்கும்போதுதான் அம்முறை நிலைத்து நிற்கும்.