பழைய கணினியும் வடப் பொருத்தமும்

வடம் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது தேர்வடமே. மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகப் பெருவிழாவில் அவ்வடத்தைப் பற்றி இழுத்தவர் நம் பழைய மாணவருள்ளும் பலராவர். தேரிலே தெய்வம் எழுந்தருளியிருப்பினும் வடமின்றேல் தேர் நிலைவிட்டு நகராது. ‘ஹார்ட் டிஸ்க்’ என வழங்கும் வன்றட்டின் நிலையும் அதுவே. அதனகத்தே எத்துணைச் செல்வம் பொதிந்திருப்பினும், உரிய வடம் வாய்க்காதவிடத்து அது நம் கைக்கு எட்டாது.

தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி ஏனோ என வினவுவார்க்கு விடை கூறுதல் கடன். இம்மலரின் பொருட்டுப் பழையனவற்றைத் தேடியபொழுது, முன்னைய மலரொன்றின் பக்கங்களும் பரிசளிப்பு விழாப் படங்களும் பழைய கணினி ஒன்றிலே மட்டும் எஞ்சியிருந்தமை தெரியவந்தது. வேறு படி எவரிடத்துமில்லை. அக்கணினியின் வன்றட்டோ இடையிடையே கரகரவென ஒலிக்கத் தொடங்கியிருந்தது. புதிய கையடக்க வன்றட்டு ஒன்றை வாங்கி, அதிற் படியெடுக்க முனைந்தேன். வடம் பொருந்தவில்லை. அன்று கற்ற பாடத்தையே ஈண்டு எழுதுகின்றேன்.

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பர். இவ்விணைப்புக்கு மூன்று போதும். அவை வாய்ப் பொருத்தம், மின் பொருத்தம், அமைப்புப் பொருத்தம் என்பன.

முதலாவது வாய்ப் பொருத்தம். பழைய கணினிகளில் உள்ள யூ.எஸ்.பி. வாய் தட்டையான நீள்சதுர வடிவினது. 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சி’ வகை வாயோ சிறியது, இருபுறமும் உருண்டது. வேறு சில வன்றட்டுகளில் இரு கூறாய்ப் பிரிந்த அகன்ற வாய் உண்டு. ஆகவே வடத்தின் ஒரு முனை வன்றட்டுக்கும் மறுமுனை கணினிக்கும் ஏற்றதாதல் வேண்டும். கடைக்குச் செல்வோர் இரண்டு வாய்களையும் படம்பிடித்துச் செல்லுதல் நன்று. தலைமுறை வேறுபாடு கண்டு அஞ்சவேண்டியதில்லை. புதிய யூ.எஸ்.பி. வன்றட்டு பழைய வாயிலும் இயங்கும். வேகம் மட்டுமே குறையும். முதற்றலைமுறையின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிற்று. அவ்வழியே 10,000 மெகாபைற்றுப் படியெடுக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரமேனும் செல்லும். 2000 ஆம் ஆண்டில் வந்த இரண்டாந் தலைமுறையின் வேகம் 480 மெகாபிற்று. அதில் அவ்வேலை நடைமுறையிலே ஐந்தாறு நிமிடங்களில் முடியும்.

இரண்டாவது மின் பொருத்தம். யான் இடறியது இவ்விடத்தேதான். வடமும் பொருந்தியது, விளக்கும் எரிந்தது. ஆயினும் தட்டுச் சுழலாது ‘டிக் டிக்’ என்றது. புதிய பொருளைப் பழுதென்று பழித்தேன். உண்மையிற் பழுது என் அறியாமையே. இரண்டாந் தலைமுறை வாய் 500 மில்லியம்பியர் மின்னோட்டமே தருதற்கு விதிக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டின் மூன்றாந் தலைமுறை வாய் 900 தரும். தட்டுச் சுழலத் தொடங்கும் கணத்தில் மின்தேவை மிகும். கணினியின் முன்புற வாய்கள் உள்ளே நீண்ட கம்பி வழியாக மின்பெறுவன. ஆதலின் தாய்ப்பலகையோடு நேரே இணைந்த பின்புற வாயில், நீளங் குறைந்த தடித்த வடத்தைச் செருகினேன். தட்டுச் சுழன்றது. அதுவும் பயன்படாவிடின் இரு வாய்களிலிருந்து மின்பெறும் இருதலை வடத்தை நாடலாம். மேசைக் கணினிக்குரிய 3.5 அங்குல வன்றட்டுக்கு 12 வோல்ற்றும் வேண்டும். யூ.எஸ்.பி. வாய் தருவது 5 வோல்ற்று ஆதலின், அதற்குத் தனி மின்வழங்கி இன்றியமையாதது.

மூன்றாவது அமைப்புப் பொருத்தம். வன்றட்டிலே கோப்புகளை வரிசைப்படுத்தும் முறை பலவகைப்படும். ‘எக்ஸ்ஃபற்’ முறையிலமைந்த வன்றட்டை, 2009 ஆம் ஆண்டின் இற்றைப்படுத்தலைப் பெறாத விண்டோஸ் எக்ஸ்.பி. அறியாது. ‘என்.ரி.எஃப்.எஸ்.’ முறையை விண்டோஸ் 98 அறியாது. அத்தகைய கணினி வன்றட்டைக் கண்டதும், “புதிதாய் வடிவமைக்கவோ?” எனக் கேட்கும். அதற்கு இசைந்தால் உள்ளன யாவும் அழியும். வெறுந் தட்டாயின் வடிவமைக்கலாம். ஏனையவற்றிற்கு அவ்வினாவை மறுத்து, வடத்தைக் கழற்றிவிடுதலே அறிவுடைமை.

கணினியே உயிர் பெறாவிடின் என் செய்வது? அதன் வன்றட்டைக் கழற்றி, பிறிதொரு கணினியோடு உரிய இணைப்பி கொண்டு பொருத்தலாம். அகன்ற நாடா வடமும் 40 ஊசிகளும் உடையது ‘ஐ.டி.ஈ.’ வகை, அதன் மடிக்கணினி வடிவத்துக்கு 44 ஊசிகள். 2003 ஆம் ஆண்டையொட்டி வழக்குக்கு வந்த ‘சாற்றா’ வகையில் தரவுக்கு ஏழும் மின்னுக்குப் பதினைந்துமாகத் தொடுகைகள் உள. இணைப்பி வாங்குமுன் இவற்றை எண்ணுக. மின்னை நிறுத்திய பின்னரே தொடுக. செருகாதவிடத்து வலிந்து திணியற்க. வளைந்த ஊசி எளிதில் நிமிராது.

இத்தனையும் முடித்துக் கோப்பைத் திறந்தபோது, திரையில் தோன்றியவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அஃது அந்நாளைய பாமினி எழுத்துருவிலே தட்டச்சிட்டது. ஒருங்குறிக்கு மாற்றியதும் தமிழ் தலைகாட்டியது. ஆசிரியர் பலரின் பெயர்கள் மீண்டும் ஒளிர்ந்தன.

சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்து, 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார். 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரே படியாயிருந்தவை என்றென்றைக்குமாய் மறைந்தன. ஒற்றைப் படியை நம்பியிருத்தல் எத்துணைப் பேதைமை என்பதை நம்மினும் அறிந்தார் யாவர்? ஓலையை அரித்தது செல். வன்றட்டைக் கெடுப்பது முதுமை. வேறுபாடு அவ்வளவே.

பழைய மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு மூலையிற் கிடக்கும் கணினியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன் ஒருமுறை சிந்தியுங்கள். அதனுள்ளே நம் கல்லூரியின் படமொன்று, மறைந்த ஆசிரியர் ஒருவரின் கட்டுரையொன்று உறங்கிக் கிடத்தல் கூடும். உரிய வடத்தைத் தேடுங்கள். இரண்டு படி எடுங்கள். ஒன்றைக் கல்லூரிக்குத் தாருங்கள். தேர் நகர்தற்கு வடம் வேண்டும். அவ்வடத்தைப் பற்றி இழுத்தற்குக் கைகளும் வேண்டும்.