முளையவிருத்தியும் மூலக்கூறுகளும்

ஒரே முட்டையிலிருந்து தோன்றும் கலங்கள் யாவும் பொதுவாக ஒரே பரம்பரையலகுகளையே கொண்டுள்ளன. அவ்வாறாயின் அவற்றுட் சில தலையாகவும் சில வாலாகவும் அமைவது எங்ஙனம்? 1891 இல் ஜேர்மனிய உயிரியலறிஞர் ஹான்ஸ் டிறீஷ், கடல் முள்ளெலி முளையத்தின் முதலிரு கலங்களையும் பிரித்தெடுத்தார். ஒவ்வொன்றும் பாதியுடலாகாது, சிறிய முழுக்குடம்பியாகவே விருத்தியுற்றது. பிளந்தபின் இவ்வாறு முழுமையுறும் இயந்திரம் எதுவுமில்லை எனக் கருதிய அவர், ஈற்றில் சடப்பொருளுக்கு அப்பாற்பட்டதோர் உயிராற்றலைத் துணைக்கழைத்தார்.

தான் இருக்குமிடத்தைக் கலம் அறிவது எவ்வாறு என்பதற்குச் சடப்பொருளின் எல்லைக்குள்ளேயே விடை காணலாம் என்பதைப் பழ ஈ பற்றிய ஆய்வுகள் காட்டின. கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்ட், எறிக் வீஷவுஸ் ஆகியோர் ஹைடெல்பேர்க்கில் ஆராய்ந்து, குடம்பியின் துண்ட அமைப்பைக் குலைக்கும் விகாரங்களை 1980 இல் தொகுத்து வெளியிட்டனர். 1995 இல் எட்வேட் லூயிஸுடன் இவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

முளையத்தின் முதற்கட்டளைகள் தாயினுடையவை. ‘பைகொயிட்’ எனும் பரம்பரையலகின் தூது ஆர்.என்.ஏ., முட்டை இடப்படுமுன்னரே அதன் முன்முனையிற் சேர்க்கப்படுகிறது. முட்டை இடப்பட்டபின் அதிலிருந்து தொகுக்கப்படும் புரதம் பின்னோக்கிப் பரவுகிறது. முன்முனையில் மிகுந்தும், பின்செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படுகிறது. இப்படித்திறன் 1988 இல் நிறுவப்பட்டது. அவ்வேளையில் கருக்கள் பிரிகின்றனவேயன்றி, அவற்றுக்கிடையே கலமென்சவ்வுகள் தோன்றுவதில்லை. ஏறத்தாழ 6,000 கருக்கள் உருவாகும்வரை குழியவுரு பொதுவானதாகவே இருப்பதால், புரதம் தடையின்றிக் கருக்களை அடைகிறது. அதன் செறிவு குறித்த அளவை விஞ்சுமிடத்து ‘ஹன்ச்பாக்’ முதலிய பரம்பரையலகுகள் தொழிற்படத் தொடங்குகின்றன. அவை வேறு பரம்பரையலகுகளைத் தூண்டியும் அடக்கியும் துண்டங்களை வரையறுக்கின்றன.

தாயில் ‘பைகொயிட்’ செயலிழந்திருப்பின், தந்தை குறையற்றதாயினும் முளையத்தில் தலையும் நெஞ்சறையும் தோன்றா. முன்முனையிலும் வாற்பகுதியே அமையும். இயல்பான முட்டையின் முன்முனைக் குழியவுருவை அத்தகைய முட்டையின் நடுப்பகுதியில் உட்செலுத்தினால், தலையுறுப்புகள் அந்நடுப்பகுதியிலேயே உருவாகின்றன.

‘பைகொயிட்’ எல்லா விலங்குகளுக்கும் உரியதன்று. முலையூட்டிகளில் அது இல்லை. எனினும் தாய்ப்பொருள்கள் முதலிலும் முளையத்தின் சொந்தப் பரம்பரையலகுகள் பின்னரும் ஆட்சி செலுத்தும் ஒழுங்கு பொதுவானது. எலியில் இக்கைமாற்றம் இருகல நிலையிலும், ஆபிரிக்க நகத்தவளையில் ஏறத்தாழப் பன்னிரண்டு பிரிவுகளின் பின்னரும் நிகழ்கிறது.

முட்டையினுள் உடலின் சிற்றுருவம் வரையப்பட்டிருக்கவில்லை. பரம்பரையலகும் தனித்து விதியை எழுதுவதில்லை. அது எப்போது, எங்கே தொழிற்படும் என்பதைச் சூழவுள்ள பொருளின் அளவு தீர்மானிக்கிறது. அளவின் வேறுபாடே இங்கு பண்பின் வேறுபாடாகின்றது. டிறீஷின் வினா பிழையன்று. பொறுமையிழந்து அவர் கண்ட விடையே பிழையாயிற்று.