மரம் செதுக்கும் கணினி யந்திரம்: கடன்பட்டு வாங்கலாமா?

கணினி கட்டளையிடத் தானே மரத்தில் சித்திரம் செதுக்கும் சிறு யந்திரங்கள் இன்று மேசைமேல் வைக்கத்தக்க அளவிலும், எளிய குடும்பத்தார் எண்ணிப் பார்க்கத்தக்க விலையிலும் கிடைக்கின்றன. ‘சங்கத்தில் கடன் பெற்று இதனை வாங்கினால் பிழைப்புக்கு வழியாகுமா?’ என்று உறுப்பினர் குடும்பத்து இளைஞர்கள் கேட்கத் தொடங்கியுள்ளனர். அவர்தம் ஆர்வம் பாராட்டற்குரியது. ஆயினும் கடன் என்பது நாளை வரவிருக்கும் வருவாயை இன்றே செலவிடுவதாகும். ஆதலின் யந்திரத்தின் வன்மையையும் குறையையும் ஒருங்கே ஆராய்ந்து முடிவு செய்வதே நலம்.

நெசவாளர்க்குப் புதிதன்று

இவ்யந்திரத்தின் தத்துவம் நம் நெசவாளர்க்கு அந்நியமானதன்று. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த பெட்டி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களைத் தூக்கியது. துளையிருந்தால் நூல் எழும், இல்லையேல் கிடக்கும். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்களால் இயங்கும் உலோகம் வெட்டும் யந்திரம் செய்து காட்டப்பட்டபோது, அதற்குக் கட்டளை தந்ததும் துளையிட்ட நாடாவே. அந்நாடாவின் இடத்தில் இன்று கணினிக் கோப்பு இருக்கிறது. சுழலும் பிட் ஒன்று இடவலமாகவும், முன்பின்னாகவும், மேல்கீழாகவும் நகர்ந்து மரத்தைச் சீவி எடுக்கிறது.

அட்டை குத்தத் தெரியாதவனிடம் ஜக்கார்டு பெட்டி வெறும் மரப்பெட்டியே. அதுபோலச் சித்திரத்தைக் கணினியில் வரையவும், பிட் செல்லும் பாதையை வகுக்கவும் அறியாதவனிடம் இவ்யந்திரம் வீணே கிடக்கும். யந்திரம் வந்த மறுநாளே வருவாய் வருமென்று எவரும் எண்ணலாகாது. பயிற்சிக்கென ஆகும் மாதங்களையும், அதில் பாழாகும் மரத்தையும், முறியும் பிட்டுகளையும் முதலீட்டோடு சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

செய்வதும் செய்யாததும்

சந்தையில் ‘3018’ என்று வழங்கும் ஆரம்ப வகை யந்திரத்தின் வேலைப் பரப்பு 30 சென்டிமீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் அகலமுமே ஆகும். பெயரும் அவ்வளவைக் குறித்ததே. பெயர்ப் பலகை, சாவி மாட்டும் பலகை, கோலப் பலகை, ஆழமற்ற புடைப்புச் சித்திரம், துணியில் அச்சிடும் சிறு மரக்கட்டை ஆகியவை இதன் எல்லைக்குள் அடங்கும். கதவு, ஊஞ்சற் பலகை, கட்டிற் கால் முதலியவை அடங்கா. மோட்டாரின் வலுவும் சிறிது. தேக்கு போன்ற மரத்தை ஒரே வீச்சில் ஆழமாக வெட்டாமல், மெல்லிய படலம் படலமாகவே எடுத்தல் வேண்டும். அவசரப்பட்டால் பிட் முறியும்; அல்லது சட்டம் அதிர்ந்து கோடு பிசகும்.

மற்றொரு குறையும் உண்டு. மூன்று திசைகளில் மட்டும் நகரும் யந்திரம் மேலிருந்தே வெட்டும். சிலையின் கைக்குப் பின்னாலுள்ள இடைவெளியையோ, யாளியின் வாய்க்குள் உருளும் பந்தையோ அது தொடாது. உட்புற மூலைகளும் பிட்டின் பருமனுக்கேற்ப வளைந்தே நிற்கும். அவற்றைக் கூர்மையாக்க உளியே வேண்டும்.

நேரக் கணக்கு

20 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள புடைப்புச் சித்திரம் ஒன்றைக் கொள்வோம். வரிக்கு வரி 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் 500 வரிகள் ஓட வேண்டும். பிட் கடக்கும் தூரம் 100 மீட்டர். நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகமென்றால் 100 நிமிடம் ஆகும். முதலில் மரத்தை ஒட்டுமொத்தமாகக் கழிக்கும் வேலையும், பொருத்தி எடுக்கும் நேரமும், உப்புத்தாள் தேய்ப்பும் இதற்குப் புறம்பு. அங்குலத்துக்கு ஊடை கூடினால் துணி நயமாகும், நாளும் நீளும் என்பதை நெசவாளர் அறிவர். இங்கும் அஃதே: வழவழப்பு வேண்டி இடைவெளியை 0.15 மில்லிமீட்டராகக் குறைத்தால் நேரம் இரட்டிக்கும்.

பணக் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு ஓர் உதாரணம் தருகிறோம். அவரவர் தம் ஊர் விலைகளை இட்டுத் திருத்திக் கொள்க. யந்திரம், கணினி, பிட்டுகள், தூசு உறிஞ்சும் கருவி எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் ஆகிறதென வைத்துக் கொள்வோம். நான்கு ஆண்டுகளில் தேய்மானம் கழித்தால் ஆண்டுக்கு 15,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து வட்டியெனில் முதலாண்டில் 6,000 ரூபாய். மின்சாரம், பிட், பழுது ஆகியவற்றுக்கு 9,000 ரூபாய். ஆக ஆண்டுச் செலவு 30,000 ரூபாய். மாதத்துக்கு 2,500 ரூபாய். மரத்தின் விலையும் தன் கூலியும் போகப் பொருள் ஒன்றுக்கு 100 ரூபாய் மிஞ்சினால், மாதம் 25 பொருள்கள் விற்றால்தான் கட்டும். அதற்கு மேற்பட்டதே ஆதாயம்.

பொருளுக்கு மூன்று மணி வீதம் 25 பொருள்களுக்கு 75 மணி நேரமே ஆகும். யந்திரத்துக்கு இது அரிதன்று. அரிதானது மாதந்தோறும் 25 பேரை வாங்கச் செய்வதே. ஆகவே ‘யந்திரம் செய்யுமா?’ என்பதைவிட ‘செய்ததை யார் கொள்வார்?’ என்பதே முதற் கேள்வி ஆகும்.

கவனிக்க வேண்டியவை

மரத்தூசு நுரையீரலுக்குத் தீங்கு செய்வது, நூலிலும் படியும். ஆதலின் தறிக் கூடத்தில் இதனை வைத்தல் கூடாது. தனியறையும், தூசு உறிஞ்சும் கருவியும், முகக்கவசமும் இன்றியமையாதன. வேலை நடுவே மின்சாரம் நின்றால் பிட் நின்ற இடம் தவறிச் சித்திரம் பாழாகக் கூடும். பேட்டரித் துணை தேவை. ஈரம் உலராத மரம் செதுக்கிய பின் கோணும். நன்கு உலர்ந்ததையே கொள்க.

கைத்திறனின் மதிப்பு

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்கள் 2020-லும், கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்கள் 2021-லும் புவிசார் குறியீடு பெற்றன. அம்மதிப்பு தலைமுறை தலைமுறையாக வந்த உளிக்கும் கொட்டாப்புளிக்கும் உரியது. விசைத்தறித் துணியைக் கைத்தறியென விற்பதால் தனக்கு நேரும் இழப்பை நெசவாளன் நன்கறிவான். அதே தீங்கைச் சிற்பிக்கு அவன் செய்யலாகாது. யந்திரம் செதுக்கியதை யந்திர வேலையென்றே சொல்லி விற்றல் வேண்டும். யந்திரம் கழித்துக் கொடுத்ததைச் சிற்பி உளியால் முடித்தால் இருவர்க்கும் வேலையுண்டு. அதனையும் மறையாது சொல்லுதலே நேர்மை.

நமது முடிவு

விற்பனைக்கு வழி தேடாமல் தனியொருவர் கடன்பட்டு வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. முதலில் யந்திரம் வைத்திருப்போரிடம் கூலி கொடுத்துப் பத்துப் பொருள் செய்து வாங்குக. அவற்றை விற்றுப் பார்க்க. அவை விரைவில் விற்று, மேலும் கேட்டு வந்தால் அடுத்த படியை எண்ணலாம். அப்போதும் நாலைந்து உறுப்பினர் கூடி ஒன்றை வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தினால் பாரம் குறையும். யந்திரமும் சும்மா கிடவாது. வாங்குமுன் விற்பவர் காட்டும் மாதிரியில் மயங்காமல், நம் சித்திரத்தை நம் மரத்திலே நம் கண்முன் செதுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். உதிரிப் பாகமும் பழுது பார்ப்போரும் அருகில் கிடைப்பரா என்று விசாரித்தலும் வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின் வாங்குபவர் துணிந்து வாங்கலாம். பாராமல் வாங்குபவர் வீட்டில், தவணை மட்டுமே தவறாமல் ஓடும், யந்திரம் ஓடாது.