கண் எரிச்சலுக்கு ஒரு கணக்கு

நாமக்கல்லைச் சுற்றி லேயர் கோழிப்பண்ணைகளும் ஹாஸ்டல் பள்ளிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பள்ளிக்குள் பிளஸ் டூ மாணவர், வேதியியலில் சென்டம் வாங்க, ‘அம்மோனியாவின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵’ என்று உருப்போடுகிறார். காற்று திசை மாறினால் அதே அம்மோனியா ஜன்னல் வழியே வந்து அவர் மூக்கில் ஏறுகிறது. (இந்தப் பள்ளிகளையே ‘பிராய்லர் பள்ளி’ என்று கிண்டலடிப்பவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.)

சென்ற வாரம் வினிகரைப் பார்த்தோம். அது வலிமை குறைந்த அமிலம். அம்மோனியா வலிமை குறைந்த காரம். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டால் மொத்தமும் அயனிகளாகப் பிரிந்துவிடும். அம்மோனியா அப்படி அவசரப்படாது. அதன் மூலக்கூறுகளில் வெகு சில மட்டும் தண்ணீரிடமிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு அம்மோனியம் அயனிகளாகும். புரோட்டானை இழந்த தண்ணீர், ஹைட்ராக்சைடு அயனியாக நிற்கும். மற்றவை அம்மோனியாவாகவே கிடக்கும். எத்தனை பிரிந்தன, எத்தனை மிச்சம் என்பதைச் சொல்லும் எண்தான் பிரிகை மாறிலி.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு விவரம் போதும்: கரைசலில் எவ்வளவு அம்மோனியா போட்டோம், அதன் பி.எச். எவ்வளவு. லிட்டருக்கு 0.1 மோல் போட்டு, 25 டிகிரியில் அளந்தால் பி.எச். 11.13 வரும். 14-லிருந்து கழித்தால் 2.87. ஹைட்ராக்சைடின் செறிவு 10-இன் அடுக்கு −2.87, அதாவது லிட்டருக்கு 0.00135 மோல். ஒரு ஹைட்ராக்சைடு உண்டானால் ஓர் அம்மோனியமும் உண்டாகியிருக்கும்; ஆகவே இதை இதாலேயே பெருக்க வேண்டும். பிரியாமல் மிஞ்சிய அம்மோனியா 0.1 − 0.00135 = 0.09865. வகுத்தால் விடை 1.8 × 10⁻⁵. உருப்போட்ட எண் வந்துவிட்டது.

பலர் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை, ‘0.1 என்றே வைத்துக்கொள்’ என்பார்கள். இங்கே நூற்றுக்கு 1.35 பங்குதான் பிரிந்திருக்கிறது என்பதால் தப்பித்துக்கொள்ளலாம். கரைசலை நூறு மடங்கு நீர்த்துப்போகச் செய்யுங்கள்: 0.001 மோல், பி.எச். 10.10. இப்போது எட்டில் ஒரு பங்கு பிரிந்துவிட்டது. கழிக்காமல் வகுத்தால் 1.6 × 10⁻⁵ வரும். கழித்து வகுத்தால் பழைய 1.8. நீர்க்க நீர்க்கப் பிரிவது கூடும், மாறிலி மட்டும் அசையாது. 1888-இல் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் சொன்ன நீர்த்தல் விதி இதுதான். அன்றைக்குப் பி.எச். என்ற அளவே பிறக்கவில்லை. 1909-இல் சோரன்சன் அதைக் கொண்டுவந்தார், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில்.

சட்டைப்பை மீட்டரை நம்பி இந்தக் கணக்கில் இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீட்டர் 11.13-க்குப் பதில் 11.23 என்று காட்டினால் விடை 2.9 × 10⁻⁵ ஆகிவிடும். பி.எச். மடக்கை அளவு, போதாததற்கு இங்கே அதை வர்க்கப்படுத்துகிறோம். 0.1 பிசகினால் விடை ஒன்றரை மடங்குக்கு மேல் தவறும்.

இனி கொட்டகைக்குள் போவோம். கோழி எச்சத்தில் முதலில் இருப்பது யூரிக் அமிலம். ஈரம் பட்டால் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். கூண்டுக்கு அடியில் எச்சம் கூம்பு கூம்பாகக் குவிந்து, மேலே வெடித்துக் காய்ந்து கிடக்கும். அதன் பக்கத்தில் நின்றால் அவ்வளவாக வாடையில்லை. கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒன்று ஒழுகுகிற இடத்தில் மட்டும் குவியல் கறுத்துச் சேறாகியிருக்கும். அங்கே குனிந்தால் கண்ணில் நீர் வரும். காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டவிடக் கூடாது என்பது கோழி வளர்ப்பில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கு மூக்கு பழகிவிடுவதால் அவர்கள் சொல்லை வைத்து முடிவுகட்ட முடியாது.

குவியலின் ஈரத்தில் அம்மோனியா, அம்மோனியம் இரண்டும் கலந்திருக்கும். காற்றில் பறப்பது அம்மோனியா மட்டுமே. அம்மோனியம் உப்பாக எருவிலேயே தங்கும். எது எவ்வளவு என்று தீர்மானிப்பது அதே மாறிலியும் பி.எச்.-ம் தான். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் பறக்கக்கூடியது நூற்றுக்கு அரைப் பங்கு சொச்சம். 8 என்றால் ஐந்து. 9 என்றால் முப்பத்தாறு. சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் 35 டிகிரி சாதாரணம். மாறிலியும், 14 என்று கழித்தோமே அந்த எண்ணும் வெப்பத்தோடு நகரும். பி.எச். அதே 8 ஆக இருந்தாலும் ஐந்து பத்தாகிவிடும்.

வாடையும் ஈயும் கூடினால் சுண்ணாம்புத் தூள் தூவுகிற வழக்கம் இருக்கிறது. ஈரத்தை அது உறிஞ்சும், சரி. ஆனால் பி.எச்.-ஐ ஏற்றி, எருவில் அமைதியாகக் கிடந்த அம்மோனியத்தையும் அம்மோனியாவாக்கிக் கிளப்பிவிடும். தூவிய கையோடு நெடி தூக்குவது அதனால்தான். நெடிக்கு வேண்டியது அமிலப் பக்கம் இழுக்கும் பொருள்: சூப்பர் பாஸ்பேட், இல்லாவிட்டால் படிகாரம். அம்மோனியம் எருவில் தங்கினால் நைட்ரஜனும் தங்கும். மரவள்ளிக் காட்டுக்குக் கோழி எரு வாங்கிப் போடுகிறவருக்கு அதுதான் கணக்கு. பறந்துபோன நைட்ரஜனுக்கு ஈடாக அவர் யூரியா மூட்டை வாங்க வேண்டியிருக்கும். எதைத் தூவுவதற்கும் முன்னால் ஒழுகுகிற நிப்பிளை மாற்றிவிடுவது மலிவு.

பி.எச். ஏறுகிற இன்னொரு பொருளும் இதே கொட்டகையிலிருந்துதான் லாரி ஏறுகிறது. புது முட்டையின் வெள்ளைக்கரு 7.6-ஐ ஒட்டி இருக்கும். சில நாளில் 9-ஐத் தாண்டிவிடும். அங்கே வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. ஓட்டின் துளைகள் வழியே அது எப்படிப் போகிறது, அன்றைக்கே இட்ட முட்டையை அவித்தால் தோல் ஏன் உரிபட மறுக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)