சாக்ஸ் போட்ட கால் ஏன் வழுக்குகிறது?

பள்ளி விட்டு வந்த பிள்ளை ஷூவை வாசலில் உதறிவிட்டு, சாக்ஸோடு ஓடிவந்து ஹாலில் ஒரு சறுக்குச் சறுக்கும். பார்க்கிறவர்களுக்குத்தான் பதறும். அதே டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சறுக்கச் சொல்லுங்கள், நடக்காது.

நடக்கும்போது தரையை நாம் கீழே அழுத்துவது மட்டுமில்லை. குதிகால் பதியும்போது முன்பக்கமாகவும், விரல்களால் உந்தும்போது பின்பக்கமாகவும் தள்ளுகிறோம். சாதாரண நடையில் இந்தத் தள்ளுவிசை, அழுத்தும் விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 12 கிலோ. உராய்வு அதைத் தாங்கினால் கால் நிற்கும், இல்லையென்றால் போய்விடும். காலிங் பெல் கேட்டுச் சட்டென்று திரும்பினால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கமாக இருக்கின்றன. லேசான ஈரத்தில் தோல் இளகித் தரையோடு ஒட்டிப் படிகிறது. தரை வழவழப்பாக இருந்தால் அந்தத் தோலுக்கு வசதிதான், காய்ந்திருக்கும்வரை. சாக்ஸின் கதை நேரெதிர். பின்னிய நூலின் மேடுகள் மட்டுமே தரையைத் தொடுகின்றன. பாலிஷ் போட்ட டைல்ஸிலோ கிரானைட்டிலோ அந்த இழைகள் சிக்கிக்கொள்ள ஒரு சொரசொரப்பும் இல்லை. கேரம் போர்டு பவுடர் சிந்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எனக்குக் கவலை பிள்ளைகளைப் பற்றி அல்ல. குதிகால் வெடிப்புக்கு வாசலின் தடவி, மேலே சாக்ஸ் மாட்டிக்கொண்டு இரவில் பாத்ரூமுக்கு எழுந்து போகும் பாட்டியைப் பற்றி. அங்கே வழுக்குமிடம் இரண்டு: சாக்ஸுக்குள் கால், தரையில் சாக்ஸ். குதிகால் முன்னே ஓடினால் உடம்பு பின்னே சாயும். அடி இடுப்பிலோ பின்மண்டையிலோ விழும். வயதானவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிவது பெரும்பாலும் இப்படி வீட்டுக்குள் விழுந்துதான்.

சாக்ஸைக் கழற்றிவிட்டால் போதுமே என்றால், சர்க்கரை நோயாளிகளை வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பின்பட்டை வைத்த, ரப்பர் அடிப்பாகமுள்ள வீட்டுச் செருப்பு நல்லது. அடியில் சிலிகான் புள்ளி வைத்த சாக்ஸும் கிடைக்கிறது. அளவு பெரிதாக வாங்கினால் அது காலைச் சுற்றித் திரும்பி, புள்ளிகள் புறங்காலுக்கு வந்துவிடும். அதனால்தான் சில மருத்துவமனை சாக்ஸ்களில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் புள்ளி வைக்கிறார்கள்.