கடிதம் வீடு வந்து சேர

பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை. அழைப்புக் கடிதம் கைக்கு வந்ததோ புதன்கிழமை. இப்படி ஒரு வாய்ப்பு போய்விட்டால் யாரை நோவது? எல்லோரும் தபால்காரரைத்தான் நொந்துகொள்கிறோம். ஆனால் கடிதம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்த்தால், பெரும்பாலும் குறை முகவரியில்தான் இருக்கும்.

இப்போது பல செய்திகள் கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகின்றன. ஆனாலும் வங்கி அட்டை, பதிவுத் தபால், நீதிமன்ற அறிவிப்பு, விலை கொடுத்து வாங்கிய பொருள் ஆகியவை வீட்டைத் தேடித்தான் வர வேண்டும். ஆகவே முகவரியைச் சரியாக வைத்துக்கொள்வது இன்றும் அவசியம்.

கடிதம் வரும் வழியைக் கவனியுங்கள். முதலில் அஞ்சல் எண். மலேசியாவில் இது ஐந்து இலக்கம். சுங்கை சிப்புட் வடக்குக்கு 31100. சுங்கை பட்டாணிக்கு 08000. ஊர்ப் பெயர் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. கிளந்தானில் ஒரு கோத்தா பாரு இருக்கிறது; பேராக்கிலும் ஒரு கோத்தா பாரு இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலும் வடக்கு, தெற்கு என்று இரண்டு உண்டு. எண் சரியாக இருந்தால் குழப்பம் வராது. உங்கள் தோட்டத்துக்குத் தபால் எந்த அஞ்சல் நிலையத்திலிருந்து வருகிறதோ, அங்கேயே கேட்டு எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள். நாம் சாமான் வாங்கப் போகும் ஊரின் எண்தான் நமக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது தோட்டத்தின் பெயர். நம் மக்கள் வாயில் ஒரு பெயர், பதிவேட்டில் இன்னொரு பெயர். நமக்குள் 'மேட்டுத் தோட்டம்' என்று சொல்லிக்கொள்வோம். புதிதாக வந்த தபால்காரருக்கு அது விளங்காது. ஆபீஸ் பலகையில் உள்ள பெயரையே எழுதுங்கள். தோட்டம் கைமாறிப் பெயர் மாறியிருந்தால், புதுப் பெயரோடு பழைய பெயரையும் அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது நல்லது.

மூன்றாவது வீட்டு எண். முதல் டிவிஷனில் 12ஆம் எண் வீடு இருக்கும். மூன்றாம் டிவிஷனிலும் அதே எண் இருக்கலாம். ஆகையால் டிவிஷனைக் குறிப்பிடாத எண் அரைகுறை எண்தான். முழு முகவரி இப்படி அமையட்டும்:

பெயர், தகப்பனார் பெயர்
எண் 12, மூன்றாம் டிவிஷன்
தோட்டத்தின் பதிவுப் பெயர்
31100 சுங்கை சிப்புட் (வடக்கு)
பேராக்

உறையின்மேல் இதை ரோமன் எழுத்தில் எழுதுங்கள். தபாலைப் பிரிப்பவர்கள் எல்லோரும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அல்லர். வீட்டுக் கதவிலும் எண்ணைப் பெரிதாகச் சாயத்தால் எழுதி வையுங்கள். காகிதத்தில் இருக்கும் எண் கதவில் இல்லையென்றால் யாருக்கு என்ன பயன்?

இனி, பெயரில் வரும் சிக்கல். அடையாள அட்டையில் லெட்சுமணன். லயத்தில் எல்லோருக்கும் அவர் சின்னத்தம்பி. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இப்படி ஒருவர் இங்கு இல்லையே' என்று கிராணி திருப்பி அனுப்பிவிடக்கூடும். ஒரே தோட்டத்தில் மூன்று லெட்சுமணன்கள் இருந்தாலோ, தகப்பனார் பெயர்தான் ஆளைக் காட்டும். ஆகவே குடும்பத்தார் எல்லோருடைய அட்டைப் பெயரையும் வீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஆபீசில் கொடுத்து வையுங்கள்.

சில தோட்டங்களில் தபால்காரர் லயம்வரை வருவதில்லை; கட்டாக ஆபீசில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது யார்? இதுதான் பலரும் கேட்க மறந்த கேள்வி. பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய கடிதம் புத்தகப் பையிலேயே ஒரு வாரம் தூங்கும். லயத்துக்கு ஒரு பெரியவர் வாரத்தில் குறித்த நாள்களில் வாங்கி வருவதென்று பேசி முடிவு செய்யுங்கள். அதுவும் முடியாதென்றால், பட்டணத்து அஞ்சல் நிலையத்தில் தபால் பெட்டி வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுக்க முடியுமா என்றும் அங்கே விசாரியுங்கள்.

பதிவுத் தபால் வந்தபோது வீட்டில் ஆள் இல்லையென்றால் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அதைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே அஞ்சல் நிலையத்துக்குப் போங்கள். காலம் கடந்தால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு மாறியதை 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவிப்பது சட்டப்படி நம் கடமை. அதோடு நின்றுவிடாமல் ஊழியர் சேமநிதி, சொக்சோ, வங்கி, மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி ஆகிய இடங்களிலும் தனித்தனியே சொல்ல வேண்டும். ஓரிடத்தில் சொன்னால் மற்ற இடங்களிலும் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்றிரவு பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'நம் வீட்டு முகவரியை எழுது' என்று சொல்லிப் பாருங்கள். அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை இன்னொரு விதமாகவும் எழுதினால், சரியானதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இனி யார் கேட்டாலும் குடும்பத்தில் எல்லோரும் அந்த ஒரே முகவரியைக் கொடுக்கட்டும்.