பாசியை மூழ்கடித்த சுத்தியல்

பினாங்கின் தெலுக் பகாங் நீர்த்தேக்கத்தில் டிராகன் படகுக்குத் துடுப்புப் போடும் வாசகர் ஒருவர், தண்ணீர் பச்சையாகத் தெரியும் நாளில் அதில் கை நனைப்பது ஆபத்தா, ஆபத்தென்றால் செயற்கைக்கோள்கள் முன்கூட்டியே சொல்லிவிடாவா என்று கேட்டிருக்கிறார். அங்கே விஷப்பாசி பூத்திருப்பதாக நான் சொல்லவரவில்லை. ஆயினும், எருச்சத்து கலந்து வெயிலில் அசையாது தேங்கும் எந்த ஜலத்துக்கும் பொருந்துகிற கேள்வி இது.

ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி படர்ந்த நீரைக் குடித்த கால்நடைகள் மாண்டதை 1878-இல் ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சரித்திரம் இவ்வளவு போதும்.

எனக்கு வியப்பூட்டுவது, மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பசும் பாசி நீருக்குள் ஏறி இறங்கும் சூட்சுமமே. அதன் உயிரணுவுக்குள் புரதத்தாலான நுண்குழாய்கள் கற்றை கற்றையாக இருக்கின்றன. அவற்றை எதுவும் ஊதி நிரப்புவதில்லை. நீரில் கரைந்துள்ள வாயு சுவரினூடே தானாகப் புகுந்துவிட, உட்சுவரில் ஒட்டமாட்டாத தண்ணீர் மட்டும் வெளியே நின்றுவிடுகிறது. 1895 வாக்கில் கிளேபான் முதலிய ஜெர்மானிய விஞ்ஞானிகள், இத்தகைய பாசி மிதக்கும் நீரைப் புட்டியில் விளிம்புவரை நிரப்பித் தக்கையிட்டு, அந்தத் தக்கையின்மேல் சுத்தியலால் ஓர் அடி அடித்தார்கள். அந்த அழுத்தத்தில் குழாய்கள் நசுங்க, மிதந்த பாசி அப்படியே அடியில் போய்ப் படிந்தது.

சுத்தியல் இல்லாமலே பாசி தினந்தோறும் இறங்குவதுண்டு. மத்தியானம் நாசி கண்டாரை மூக்குமுட்ட உண்டவர் எழுந்திருக்கமாட்டாமல் கிடந்து, இரவெல்லாம் ஜீரணித்து, விடியலில் இலேசாக எழுவதுபோல, பகல் வெயிலில் மாவுச்சத்தைச் சேர்த்துக் கனத்து இறங்கும் பாசி, அதை இரவில் செலவழித்துவிட்டு அதிகாலையில் மேலே வந்து ஆடையாகப் படர்கிறது. என்ன, கடைக்குப் போகாமல் தன் சோற்றைத் தானே வெளிச்சத்தில் வடித்துக்கொள்கிறது, உண்டவரைப்போல் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுமில்லை.

ஆகையால், நண்பகலில் நடு நீரில் மொண்ட ஒரு புட்டி ஜலத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது வீண். காற்று பாசியை ஒதுக்கும் கரையோரத்தில், விடியற்காலையில் மொள்ள வேண்டும். செயற்கைக்கோளைப் பற்றிய ஆரவாரத்திலும் பாதியைத் தள்ளுபடி செய்யலாம்: சென்டினல்-3 பார்க்கும் கட்டம் ஒன்று 300 மீட்டர் அகலமாதலால் நம் நீர்த்தேக்கம் அதற்குச் சில புள்ளிகளே; பினாங்கு மேகங்கள் அவற்றையும் மறைக்கும்; மறைக்காத நாளிலும் அது காண்பது நிறமியையே அன்றி விஷத்தை அன்று.

வாசகர் வேண்டுமானால் கையுறை அணிந்து, கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நீரெடுத்துக் குளிர்பதனப்பெட்டியில் ஓர் இரவு அசைக்காமல் வைக்கலாம். பச்சை அடியில் தங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே வளையமாக மிதந்தால் நீலப்பசும் பாசி என்று சந்தேகித்து, துடுப்பைக் கரையில் வைத்துவிடலாம். அதில் மைக்ரோசிஸ்டின் என்னும் விஷம், நீராடும் ஜலத்துக்கு உலக சுகாதார ஸ்தாபனம் குறித்துள்ள லிட்டருக்கு 24 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டுகிறதா என்பதை ஆய்வுக்கூடந்தான் சொல்ல வேண்டும்.